எரிந்தது எந்த வீடு?

முன்பெல்லாம் ஒருவன் வீடு எரிந்துவிட்டது என்றால், கேட்கிறவன் முதலில் "உயிருக்கு ஒண்ணும் இல்லையே?" என்பான். இப்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை. "இன்சூரன்ஸ் இருக்கா?" என்கிறார்கள். நேற்றிலிருந்து கேட்காத ஆள் இல்லை. பால்காரர் கேட்டார். எதிர்வீட்டு டீச்சர் கேட்டார். தீயணைப்பு வண்டியில் வந்தவன் ரப்பர் குழாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டான். இல்லை என்றதும் எல்லார் முகத்திலும் ஒரே மாதிரி பரிதாபம். அந்தப் பரிதாபத்துக்கு உள்ளே ஒரு சின்ன நிம்மதி, எரிந்தது நம் வீடு இல்லையே என்று. அப்புறம் போனை எடுத்து ஒரு போட்டோ.

நடந்ததை ஒரு வாய் சொல்லிவிடுகிறேன். என் மகன் ராணுவத்தில் இருக்கிறான். எங்கோ ஒரு மலைமேல் காவல். எந்த மலை என்று பெற்றவனுக்கே சொல்லமாட்டார்கள். நானும் மருமகளும் பேத்தியும் முகாமுக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் கீழ்த்தளத்தில் இருந்தோம். மேல்மாடிப் பையன் நேற்று ஸ்கூட்டர் பேட்டரியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கிப்போனான். பேட்டரி தூங்கவில்லை. மேலே பிடித்தது ஒயர் வழியாகக் கீழே இறங்கிவிட்டது. அணைக்க ஊற்றிய தண்ணீர் மிச்சத்தை முடித்தது.

மூன்று பேரும் உயிரோடு வெளியே வந்தோம். என் கையில் பேத்தி, மருமகள் கையில் போன். வேறு எதுவும் வரவில்லை.

அந்தப் பையன் பொழுது விடிந்ததும் வந்து என் காலில் விழாத குறையாக அழுதான். அவனை என்ன செய்ய? கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்று டீச்சர் சொன்னார். இழுத்து என்ன கிடைக்கும்? அவனிடம் உருப்படியாக இருந்தது அந்த பேட்டரி ஒன்றுதான். அதுவும் வெடித்துவிட்டது.

டீச்சர் வீட்டில் ஆளுக்கொரு மூலையில் படுத்து எழுந்து, காலையில் வீட்டைப் பார்க்கப் போனோம்.

வீடு என்று சொல்வது பழக்க தோஷம். கதவு இருந்த இடத்தில் ஓட்டை. உள்ளே கணுக்கால் அளவு கறுப்புத் தண்ணீர். மருமகள் எதையும் பார்க்கவில்லை. நேரே முன்னறைக்குப் போய் அவள் மெஷின் முன்னால் நின்றாள்.

அது எம்பிராய்டரி மெஷின். ராணுவச் சட்டைக்குத் தோளில் வைக்கிற பதவிச் சின்னம், மார்பில் வைக்கிற பெயர்ப் பட்டை எல்லாம் அதில் தைத்துக் கொடுப்பாள். முகாமில் பாதிப் பேர் தோளில் இருப்பது இவள் கைவேலை. என் மகன் ஊரில் இல்லாத காலத்திலும் இந்த ஊரில் இவள் நிமிர்ந்து இருந்தாள் என்றால் அது அந்த மெஷினால்தான். இப்போது அதன் மேல்மூடி உருகி வழிந்து, ஊசிகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன. ஒரு நூல்கண்டைத் தொட்டாள். கரியாக உதிர்ந்தது.

"துடைச்சா ஓடுமா மாமா?" என்றாள்.

நான் வேட்டி நுனியால் அதன் மேல்மூடியை ஒருதடவை துடைத்தேன்.

வீட்டுக்காரர் ஒரு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூக்கில் முகமூடி, காலில் ரப்பர் பூட்ஸ். வீட்டுக்காரர் கட்டடத்துக்குப் போட்டிருந்த இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய ஆளாம். அந்தம்மா சுவரைத் தட்டிப் பார்த்தார், கூரையைப் படம் எடுத்தார், ஜன்னல் கம்பியை அளந்தார். மெஷினைச் சுற்றி, ஏதோ தெருவில் படுத்திருக்கிற மாட்டைச் சுற்றிப் போவது போலப் போனார்.

"மேடம், இதையும் ஒரு படம் எடுத்துக்கோங்க" என்றாள் மருமகள்.

"அது எங்க கணக்குல வராதும்மா. சுவர், கூரை, கதவு, இதெல்லாம் வீட்டு ஓனரோடது. உள்ள இருக்கிற சாமான் குடியிருக்கிறவங்களோடது. அதுக்கு நீங்கதான் தனியா எடுத்திருக்கணும்."

"வாடகை வாங்குறப்போ மட்டும் வீடு முழுசும் ஒண்ணா இருந்துச்சு" என்றேன் நான். "எரிஞ்சதும் உங்க வீடு தனி, எங்க வீடு தனின்னு ஆயிடுச்சா?"

"பெரியவரே, சட்டம் அப்படித்தான்" என்றார் வீட்டுக்காரர். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "நாளைக்குக் காலையில ஆள் வருது. எல்லாத்தையும் அள்ளிப் போட்டுடுவாங்க. எடுக்குறதை எடுத்துக்கோங்க."

எடுக்க என்ன இருக்கிறது?

இப்படி நிற்கும்போது வாசலில் வேன் வந்து நின்றது. மருமகளின் அண்ணன். பஸ் டிப்போவில் நேரம் பார்க்கிற வேலை. அதனால் எல்லாவற்றிலும் அவசரம். நல்லவர்தான். ஆனால் நல்லது செய்யும்போதும் விசில் ஊதுகிற மாதிரியே செய்வார்.

"கிளம்பு. பாப்பாவைத் தூக்கு" என்றார் தங்கையிடம். "நம்ம வீட்டுல அண்ணி அறையை ஒழிச்சு வச்சிருக்கா. அவர் வர்ற வரைக்கும் அங்க இரு."

"மாமா?" என்றாள் அவள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன், அங்கே கதவு இல்லை.

"மாமாவுக்கு என்ன, ஆம்பளை. ஒரு ரூம் பாத்துக்குவார். இல்ல அவர் பொண்ணு வீட்டுக்குப் போகட்டும்."

என் மகள் வீட்டில் ஏற்கெனவே அவள் மாமியார், மாமனார், மாமனாரின் தம்பி. நான் போனால் கூரையைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கவேண்டும். இதையெல்லாம் அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் ஊர் பஸ்ஸில் நாலைந்து மணி நேரப் பயணம். இவள் வேனில் ஏறினால் இந்தக் குடும்பம் மூன்று ஊரில் மூன்று துண்டு. மெஷின் இருந்தால் இருப்பாள், மெஷின் இல்லாவிட்டால் ஏறுவாள். விஷயம் அவ்வளவுதான்.

"சாயங்காலம் வரைக்கும் குடுண்ணே" என்றாள். "முகாம் ஆபீஸ்ல ஒரு தடவை கேட்டுப் பாக்கறேன்."

"சாயங்காலம். அதுக்கு மேல வண்டி நிக்காது" என்றார் அவர்.

*

முகாமில் குடும்ப நல அலுவலகம் என்று ஒரு அறை. சிப்பாய்கள் வெளியூர் போனால் வீட்டில் இருக்கிறவர்கள் தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் அங்கேதான் போய் நிற்பார்கள். அங்கே இருக்கிறவர் ஓய்வுக்குக் கிட்டத்தில் வந்துவிட்ட பழைய சிப்பாய். அவருக்கு முன்னால் அவர் மீசை வரும். மீசைக்காரர் என்றுதான் எல்லாரும் சொல்வது, அவர் எதிரில் தவிர.

மருமகள் எல்லாம் சொன்னாள். அவர் டீயும் பன்னும் வரவழைத்து பேத்திக்குக் கொடுத்தார். குழந்தை ராத்திரியிலிருந்து இருமிக்கொண்டே இருந்தது. புகை.

"ராணுவத்துக்காரன் வீடு எரிஞ்சா ராணுவம் பாத்துக்காதா சார்?" என்றேன் நான். "அவன் என்ன சினிமா பாக்கவா போயிருக்கான்?"

"குவார்ட்டர்ஸ்னா அது எங்க கட்டடம். மாற்றல்ல போறப்போ நாங்க ஏத்திவிடுற லாரியில சாமான் போனா, ஏத்துன இடத்துலேருந்து இறக்குற இடம் வரைக்கும் எங்க பொறுப்பு. இறக்கி, நீங்க வாடகை வீட்டுக் கதவைச் சாத்திட்டீங்கன்னா, உள்ள இருக்கிறது உங்க பொறுப்பு பெரியவரே. இதைத்தான் ஒவ்வொரு பையன்கிட்டேயும் தொண்டை கிழியச் சொல்றேன். எல்லாரும் அரசாங்கம் பாத்துக்கும்னு நெனச்சிக்கிட்டே போறாங்க."

"அவரோட பெரிய பெட்டி இருந்துச்சு சார்" என்றாள் மருமகள் மெதுவாக. "குளிர்கால உடுப்பு, பூட்ஸ்..."

"அதுவும் போச்சா? அதுக்கு அவன்தான் பதில் சொல்லணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்லா இருக்கு சார் நியாயம். நாட்டுக்குக் காவல் அவன். அவன் வீட்டுக்குக் காவல் எவனும் கிடையாது."

அவர் கோபப்படவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு மருமகளைப் பார்த்தார். "ஏம்மா, உன் வீட்டுக்காரன் சொல்லலையா? அவன் எடுத்திருக்கானே."

"என்ன சார் எடுத்திருக்கார்?"

"வாடகை வீட்டுச் சாமானுக்கு இன்சூரன்ஸ். மலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி இதே நாற்காலியில உக்கார வச்சு நான்தான் எடுக்க வச்சேன். சம்பளத்துலேருந்து தானாப் போயிடும். உங்க மூணு பேரும் டீ குடிக்கிற செலவுகூட ஆகாது. சாமானுக்கும் குடுப்பான், வேற வீடு கிடைக்கிற வரைக்கும் தங்குற செலவுக்கும் குடுப்பான்."

மருமகள் எழுந்து நின்றுவிட்டாள். நேற்றிலிருந்து அப்போதுதான் அவள் முகத்தில் ரத்தம் ஓடிப் பார்த்தேன். "மெஷினுக்கு?"

"மெஷினும் சாமான்தானே. தொழில் மெஷினுன்னு இன்னும் ரெண்டு கேள்வி கேப்பான். கேக்கட்டும்." அவர் ஒரு நோட்டைப் புரட்டப் போனார். பிறகு கேட்டார். "நீங்க அந்த தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி வீட்டுலதானே?"

அவள் அப்படியே உட்கார்ந்தாள்.

இங்கேதான் நான் உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்.

முகாம் பெண்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. மலைக்குப் போனவனுக்குப் போனில் கெட்ட செய்தி சொல்லக்கூடாது. எப்போதோ ஒருத்தி போனில் அழுதாளாம். அன்றைக்கு ரோந்து போன அவள் புருஷன் கவனம் பிசகிப் பள்ளத்தில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டானாம். நிஜமோ கதையோ, அதிலிருந்து ஒருத்தியும் வாய் திறப்பதில்லை. காய்ச்சல் என்றால் ஜலதோஷம். சண்டை என்றால் சிரிப்பு.

என் மகன் போன கொஞ்ச நாளில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். காலி செய்யச் சொன்னார். நாங்கள் அடுத்த தெருவில் இந்த வீட்டுக்கு வந்தோம். அவனிடம் சொல்லவில்லை. அங்கே உட்கார்ந்துகொண்டு என்ன செய்யப்போகிறான், வீணாக மனதைப் போட்டு உழப்பிக்கொள்வான் என்று மருமகள் சொன்னாள். நானும் சரி என்றேன்.

வாரம் ஒருமுறை வீடியோ போன் வரும். அவள் பழைய வீட்டுப் பச்சைத் திரைச்சீலையைக் கொண்டுவந்து முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டு உட்காருவாள். குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். என்னிடம் அவன், "அப்பா, குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுதா?" என்று கேட்பான். "சொட்டுதுடா, அதுபாட்டுக்குச் சொட்டுது" என்பேன். ஒருமுறை வாஷர் மாற்றிவிட்டேன் என்றுகூடச் சொன்னேன். குடியிருக்காத வீட்டுக் குழாய்க்கு வாஷர் மாற்றிய ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதனால் என்ன ஆனது? வீடு மாறியது அவனுக்கே தெரியாது. அவனுக்குத் தெரியாதது கம்பெனிக்கு எப்படித் தெரியும்? கம்பெனி கணக்கில் நாங்கள் இன்னும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறோம். அந்த வீடு எரியவே இல்லை. அதில் வேறு யாரோ குடியிருந்து துணி காயப் போட்டிருக்கிறார்கள்.

மருமகள் இதை மீசைக்காரரிடம் சொல்லி முடிக்கும்போது அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

அவர் அந்த நோட்டை மூடி வைத்தார். "சாமான் எங்க போனாலும் பாலிசி கூடப் போகும்னு சில கம்பெனிக்காரன் ஒத்துக்குவான். மாறினா சொல்லணும்னு சிலவன் பிடிப்பான். இவன் எந்த ரகமோ தெரியல. எதுவானாலும் பாலிசி அவன் பேர்ல. அவன் வாயால சொல்லணும். லைன் போட்டுத் தர்றேன், பேசு."

"இன்னைக்கேவா சார்? அவர்கிட்டயா?"

"வேற யார்கிட்ட?"

*

போன் மணி அடித்து, எங்கெங்கோ கரகரவென்று அலைந்து, ஒருவழியாக அவன் குரல் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். பின்னால் காற்று ஊளையிட்டது.

"என்னம்மா? ஆபீஸ்லேருந்து பேசறே? என்ன ஆச்சு?"

மருமகள் வாயைத் திறந்தாள். "ஒண்ணும் இல்லீங்க. எல்லாரும் நல்லா இருக்கோம். பாப்பா பன் சாப்பிடறா."

பழக்கம். சொல்லிவிட்டு அவளே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, சத்தம் மட்டும் இல்லை. சத்தம் வராமல் அழ இந்த முகாம் பெண்களுக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்திருக்கவேண்டும்.

நான் போனை இழுத்தேன். "டேய், நான்தான். வீடு எரிஞ்சு போச்சு."

காற்று மட்டும் கேட்டது.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. மூணு பேரும் முழுசா இருக்கோம். சாமான் எல்லாம் போச்சு. மெஷின் போச்சு. உன் பெட்டி போச்சு."

"எப்படிப்பா? அடுப்பா?"

"மேல்மாடிப் பையனோட பேட்டரி."

"மேல்மாடியா? நம்ம வீட்டுக்கு ஏதுப்பா மேல்மாடி?"

மீசைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்த வீடு இல்லடா. அதை வித்துட்டாங்க. நாங்க வேற வீட்டுக்கு வந்துட்டோம்."

"எப்போ?"

"நீ போனதுக்கு அடுத்த மாசம்."

லைன் போய்விட்டதோ என்று மீசைக்காரர் போனைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அப்ப அந்தப் பச்சை ஸ்க்ரீன்?" என்றான்.

"கழட்டிக் கொண்டுவந்தேங்க" என்றாள் மருமகள் விம்மலோடு. "உங்களுக்கு அந்த வீடு பிடிக்கும்னுதான்."

அவன் சிரித்தானா அழுதானா தெரியவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "குழாயும் பொய்யாப்பா?"

"அது உண்மைதான்டா. ஒழுகினதுதான். இப்ப யாருக்கு ஒழுகுதோ."

"சரி. சரி. என் நேரம் முடியப் போகுது. கம்பெனிக்கு இப்பவே பேசறேன். இங்க மேலதிகாரிகிட்ட கேட்டா விடுவார். ஆனா நான் அவங்களுக்குக் குடுத்தது பழைய வீட்டு விலாசம். எரிஞ்சது எந்த வீடுன்னு கேட்டா...?"

எனக்கு நிற்கிற வேன்தான் கண்ணில் தெரிந்தது. "பழைய வீடுன்னே சொல்லுடா! ரெண்டும் பக்கத்துத் தெரு. அவன் என்ன மோப்பம் பிடிச்சுக்கிட்டா வரப்போறான்? சாமான் அதேதானே? எரிஞ்சது நிஜம்தானே?"

"வேண்டாங்க!" என்று மருமகள் கத்தினாள். "உள்ளதைச் சொல்லுங்க. அப்படி வர்ற மெஷின் எனக்கு..."

கரகரவென்றது. அத்தோடு லைன் போய்விட்டது.

மீசைக்காரர் திரும்ப முயன்றார். கிடைக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்தார்.

"பெரியவரே, உங்க மேல மரியாதை இருக்கு. அதனால சொல்றேன். பொய் விலாசம் குடுத்துப் பணம் கேட்டான்னு கம்பெனிக்காரன் ஒரு வரி எழுதி இங்க அனுப்பினா, மெஷினோட போகாது. அவன் தோள்ல இருக்கிறதும் போகும்."

நான் எடைமேடையில் வேலை பார்த்தவன். லாரி வந்து நிற்கும், எடை பார்த்துச் சீட்டு கொடுக்கவேண்டும். பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே வைத்து எடையைக் குறைக்கிறவன், தார்ப்பாய்க்கு அடியில் ஆளைப் படுக்க வைத்து எடையை ஏற்றுகிறவன், எல்லாரையும் பிடித்திருக்கிறேன். ஒரு தப்பு எடை போட்டதில்லை. அப்படிப்பட்டவன் இப்போது பெற்ற பிள்ளையின் காதில் ஊதியது என்ன? அவன் சின்ன வயதிலிருந்து நான் சொன்னதைத் தட்டாதவன். அதுதான் பயமாக இருந்தது.

"அவர் என்ன சொல்லுவார் மாமா?" என்றாள் மருமகள், வெளியே வரும்போது. "நீங்க சொன்னதையா, நான் சொன்னதையா?"

"பொண்டாட்டி பேச்சைக் கேக்குறவன்னா இன்னைக்குத்தான் நான் சந்தோஷப்படுவேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

*

எரிந்த வீட்டு வாசலில் வேன் நின்றது. அண்ணன் வண்டியின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். வெயில் சாய்ந்துவிட்டது.

"என்ன சொன்னாங்க?"

"போன் வரும்ணே."

"யாரு போன்?"

அவள் சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது. புதிய எண். அவள் என்னைப் பார்த்தாள். எடுத்துக் காதில் வைக்காமல், நானும் கேட்கிற மாதிரி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

ஒரு பெண் குரல். சின்ன வயசு, தேன் தடவிய பேச்சு. இந்தப் பேச்சையெல்லாம் நான் நம்புவதில்லை. "உங்க கணவர் எங்களுக்குப் பேசினார் மேடம். நடந்ததுக்கு வருத்தப்படறோம். சில விவரம் சரிபார்க்கணும். தீ விபத்து நடந்த வீட்டோட விலாசம் சொல்லுங்க."

மருமகள் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

அவன் பழைய விலாசத்தைச் சொல்லியிருந்து இவள் புதியதைச் சொன்னால், இவளே புருஷனைக் காட்டிக்கொடுத்த மாதிரி. அவன் புதியதைச் சொல்லியிருந்து இவள் பழையதைச் சொன்னால், இவள் பொய்க்காரி. இரண்டு பேரும் ஒன்றையே சொல்லவேண்டும். எது என்று கேட்க மலைக்கு லைன் இல்லை. நான் ஒன்றும் சைகை செய்யவில்லை. சத்தியமாக, செய்ய எனக்குத் தெரியவில்லை.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

அவள் சொன்னாள். இந்த வீட்டு எண், இந்தத் தெரு. எரிந்த வீடு.

"எங்ககிட்ட இருக்கிறது வேற விலாசம் மேடம்."

"தெரியும். நாங்க வீடு மாறிட்டோம். அவருக்கு இன்னைக்கு மத்தியானம்தான் தெரியும்."

"உங்க கணவருக்கே தெரியாம வீடு மாறினீங்களா?" தேன் கொஞ்சம் வற்றிவிட்டது.

"அவர் இருக்கிற இடம் அப்படிம்மா. அங்க இருக்கிறவங்களுக்கு நாங்க நல்லதை மட்டும்தான் சொல்லுவோம். வீடு போச்சுன்னு சொன்னா அவர் எங்களையே நெனச்சிக்கிட்டு நிப்பார். அங்க அப்படி நிக்கக் கூடாது."

அந்தப் பக்கம் ஏதோ யோசனை. "கொஞ்சம் லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டைப் போட்டாள். எரிந்த வாசலில் அந்தப் பாட்டு டிங்டிங்கென்று ஓடியது. அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவரை அப்போது நான் அடித்திருப்பேன்.

பாட்டு நின்றது. "மேடம், நாளைக்கு எங்க ஆள் நேர்ல வந்து பார்ப்பார். அதுவரைக்கும் எதையும் எடுக்காதீங்க, கழுவாதீங்க, தூக்கிப் போடாதீங்க. சாமான் இருந்ததுக்குப் படம் ஏதாவது இருந்தா வச்சிருங்க. ஏத்துக்கறதா இல்லையான்னு அவர் அறிக்கை குடுத்த பிறகுதான் சொல்ல முடியும்."

"என் வீட்டுக்காரர் எந்த விலாசம் சொன்னார்?"

"அதை நான் சொல்லக்கூடாது மேடம்."

வைத்துவிட்டாள்.

அண்ணன் பெருமூச்சு விட்டார். "சரி, நாளைக்கும் நிக்கணும்ங்கறே. வீட்டுக்காரர் காலையிலேயே அள்ளிப் போடப் போறாராமே?"

"நான் இங்கயே உக்காந்திருக்கேன். என்னைத் தாண்டி அள்ளட்டும்."

"பைத்தியமா உனக்கு? இந்தக் கரியிலயா?"

"ஆள் வந்து பாக்குற வரைக்கும்தாண்ணே."

அவர் எதுவும் சொல்லாமல் குழந்தையைப் பார்த்தார். அது மறுபடி இருமியது. கறுப்பாகத் துப்பியது. மருமகள் அதைப் பார்த்தாள். குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்து, தானே வேனில் ஏற்றினாள். அந்த முத்தத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"தாத்தா வரலையா?" என்றது குழந்தை.

"பின்னாடியே வர்றேன்டா கண்ணு."

என் முகத்தையே பார்த்தது. "இது நிஜமா, அப்பாகிட்ட போன்ல சொல்றதா?"

டிப்போக்காரர் கதவைச் சாத்தினார். நாளைக்குத் திரும்பி வருவதாகவும், அப்புறம் யார் பேச்சையும் கேட்கமாட்டேன் என்றும் தங்கையிடம் சொன்னார். வேன் போய்விட்டது.

மருமகள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனில் எதையோ தேடினாள். வேலை கொடுத்தவர்களுக்கு அனுப்ப எடுத்த வீடியோக்கள். மெஷின் ஓட ஓட, ஒரு சிப்பாயின் பெயர் எழுத்தெழுத்தாக வந்துகொண்டிருந்தது.

"இது போதும் மாமா. மெஷின் இருந்துச்சுன்னு இது சொல்லும்" என்றாள்.

"சொல்றதைக் கேக்க ஆள் வரணுமே."

"வருவாங்க."

"அந்தப் பொண்ணு குரலை வச்சா சொல்றே?"

"வேற எதை வச்சு நான் உக்கார மாமா?"

அவள் உட்கார்ந்துவிட்டதால் எனக்கு நம்பிக்கை வந்துவிடுமா? நாளைக்கு ஒருவன் வருவான். அவனும் பூட்ஸ் போட்டிருப்பான். எரிந்தது எந்த வீடு என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சுற்றி வந்து, இல்லை என்று சொல்வதற்கு ஒரு நல்ல வார்த்தை தேடுவான். அவன் இல்லை என்று சொல்லாவிட்டால், மலையில் இருக்கிறவன் எதைச் சொல்லித் தொலைத்தானோ, அது சொல்லும்.

"உக்காருங்க மாமா."

"நீ உக்காரு" என்றேன்.

எனக்கென்று ஒரு ரூம் தேட வாசலைத் தாண்டி நடந்தேன். பின்னால் அந்த வீடியோ திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. ஊசி தடதடவென்று அடிக்கிற சத்தம் தெரு முனை வரைக்கும் கேட்டது. வேலை மும்முரமாக நடக்கிற வீடு என்றுதான் போகிறவர்கள் நினைத்திருப்பார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கம்பெனி ஆள் வந்தாலும் மெஷின் வராது.